கோஹ என்று பத்துப் பேர்

மாதிரிப் படிவத்தை மாதிரியாக மட்டும் பார்க்கும்படி மன்னார் ஆட்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவதைவிட, பஸ் நிலையத்தடிக் கழுதைகளுக்கு வீதி ஒழுங்கு படிப்பித்துவிடலாம். இது நான் சொன்னதில்லை, நிறஞ்சலா சொன்னது. அதுவும் கோபத்தில் சொன்னது. இப்போது போய்க் கேட்டால், "ஐயோ, நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?" என்பாள்.

நிறஞ்சலா கடற்கரையோரப் பள்ளிமுனைப் பெண். பட்டினத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறாள். ஒரு மெஷின், ஒரு கொம்பியூட்டர், இரண்டு கதிரை, சுவர் முழுக்கப் படிவங்கள். எந்தக் கந்தோருக்கு எந்தப் படிவம் வேண்டுமென்றாலும் அவளிடம் இருக்கும். ஒவ்வொரு படிவத்திலும் ஒன்றை ஒழுங்காக நிரப்பி, மாதிரி என்று தலைப்புப் போட்டுச் சுவரில் ஒட்டியிருப்பாள். வருகிற ஆட்கள் அதைப் பார்த்துத் தங்கள் படிவத்தை நிரப்ப வேண்டும். நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆட்கள் வரும்வரைக்கும்.

முதலில் அவள் மாதிரியில் எழுதிய பெயர் மங்கையற்கரசி. சும்மா மனதில் வந்த பெயர். ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் அதைப் பார்த்து அப்படியே எழுதி மங்கையற்கரசி ஆனார்கள். அதில் ஒருவர் மீசை வைத்தவர்.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "இன்னாரின் மகன் இன்னார்" என்று எழுதினாள். இதை யார்தான் பார்த்து எழுதுவார்கள்? மூன்றாம் கிழமை தபால்காரர் ஒரு நீளக் கடித உறையோடு வந்து நின்றார். "திரு. இன்னார் அவர்கள்" என்று போட்டிருந்தது. விலாசமும் மாதிரியில் இருந்த விலாசம், அதாவது அவளுடைய கடை. "ஆள் உள்ளுக்க நிக்கிறாரோ? கையெழுத்து வேணும்," என்றார் தபால்காரர். நிறஞ்சலாவே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். வேறு என்ன செய்வது?

அந்தக் கோபத்தில்தான் அவள் லொஜ்பானைக் கொண்டுவந்து சுவரில் ஏற்றினாள்.

லொஜ்பான் என்பது ஒரு பாஷை. ஊர் நாடு இல்லாத பாஷை. சில பேர் கூடியிருந்து, சொல்வதில் குழப்பமே வரக்கூடாது என்று கணக்குப் பார்த்துச் செய்தது. கொரோனா ஊரடங்கில் ஊரெல்லாம் கேக் செய்யப் பழகிக்கொண்டிருக்க, இவள் போனை வைத்துக்கொண்டு அதைப் படித்தாள்.

"அதை ஆர் கதைக்கிறவை?" என்று தாய் கேட்டாள்.

"உலகத்தில அங்கங்க கொஞ்சப் பேர், அம்மா."

"மன்னாரில?"

"நான்."

"அப்ப ஆரோட கதைக்கப்போறாய்?"

ஐந்து வருடமாகியும் கதைக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. அவளை அந்தப் பாஷையில் பிடித்து இழுத்தது ஒரே ஒரு விஷயம்: பெயர் சொல்லாமல் ஆளைச் சொல்கிற சொற்கள். நம்முடைய ஆட்கள் கதைக்கிறதைக் கேட்டிருப்பீர்கள்தானே? "அவன் போய் அவனிட்டச் சொல்ல, அவன் வந்து அவனுக்கு அடிச்சிட்டான்." அடித்தது யார், அடி வாங்கியது யார்? கடவுளுக்குத்தான் வெளிச்சம். லொஜ்பானில் அந்த விளையாட்டு இல்லை. ஒரு 'யாரோ'வுக்கு அங்கே பல வகை. "யாரோ ஒருவர் நிச்சயமாக இருக்கிறார், ஆனால் யாரென்று தெரியாது" என்றால் டா. "யாராக இருந்தால் என்ன, சொல்லத் தேவையில்லை" என்றால் ஸோஹெ. "இன்னார் என்று முன்கூட்டியே கட்டி வைத்த ஆள்" என்றால் கோஹ. இரண்டாவது ஆள் வேண்டுமென்றால் கோஹெ, மூன்றாவதுக்குக் கோஹி, இப்படிப் பத்துச் சொற்கள் வரிசையாக இருக்கின்றன. கட்டுவதற்கும் ஒரு சொல் உண்டு, கோய். "திரேசம்மா கோய் கோஹ" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு கோஹ வந்தாள், கோஹ சிரித்தாள், கோஹ ஏசினாள், எல்லாம் திரேசம்மாதான். கட்டாமல் விட்டால் கோஹ வெறும் கதிரை. ஆள் வந்து இருந்தால்தான் ஆள்.

ஆகவே மாதிரிப் படிவங்களில் பெயர் வருகிற இடத்திலெல்லாம் தமிழ் எழுத்தில் 'கோஹ' என்று எழுதினாள். இரண்டாவது பெயர் கேட்கிற இடத்தில் 'கோஹெ'. விளங்காத சொல்லை ஒருவரும் பார்த்து எழுதமாட்டார்கள் என்று நினைத்தாள். படித்த பிள்ளை, பாவம்.

அந்த நேரத்தில்தான் பஸ் நிலையத்துக்குக் கிட்ட நாலு சின்னக் கடைகள் கட்டி முடிந்தன. சீமெந்து நிலம், தகரக் கூரை, இழுத்துப் பூட்டுகிற கதவு. தெருவோரம் வைத்து விற்கிற பெண்களுக்காகக் கரையோரப் பெண்கள் சந்தைக் குழு என்று ஒரு குழு சேர்ந்து கட்டியது. குழுவுக்குச் செயலாளர் கனகரத்தினம். தீவுக்கு அப்பால் பெருநிலத்துப் பக்கம், வயல்காரக் குடும்பம். கந்தோர்களில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றும் சட்டைப் பையில் மூன்று பேனையோடு திரிகிற மனிதர். கடை கேட்ட பெண்கள் முப்பத்தெட்டுப் பேர். கடை நாலு. சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பது என்று முடிவாயிற்று.

படிவம் நிறஞ்சலாவின் கடையில் கிடைத்தது. மேலே விண்ணப்பிப்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம். அதற்குக் கீழே, கூட நடத்துபவர் இருந்தால் அவர் பெயர். அடியில் வெட்டி எடுக்கிற ஒரு சின்னத் துண்டு, பெயர் மட்டும் எழுத. அந்தத் துண்டுதான் குலுக்கலுக்குப் போகும். நிறஞ்சலா வழக்கம்போல மாதிரி ஒன்று நிரப்பி ஒட்டினாள். மேலே கோஹ, அடுத்ததில் கோஹெ, துண்டில் கோஹ.

முதல் நாளே வந்தவள் திரேசம்மா. நிறஞ்சலாவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள், சின்ன வயதிலிருந்தே இவளுக்கு மாமி. கணவன் பஸ்ரியன் கடலுக்குப் போய்க் கொண்டுவருகிற மீனைக் கருவாடு போட்டுப் பட்டினத்துத் தெருவோரத்தில் பதினொரு வருடமாக விற்கிறாள். ஒரு பெரிய குடை, ஒரு பலகை, ஐந்து சாக்கு. போன மாரியில் திடீரென்று கொட்டின மழையில் இரண்டு சாக்குக் கட்டாக் கருவாடு நனைந்து புழுத்துப் போனது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. தலைக்கு மேலே ஒரு கூரை, அவ்வளவுதான் அவள் கேட்டது. கிடைத்தால் அந்தோனியாருக்கு ஆளுயரத்தில் மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்த்தியும் வைத்திருந்தாள்.

"நான் நிரப்பித் தரட்டோ, மாமி?"

"ஏன், எனக்கு எழுத வாசிக்கத் தெரியாதோ? நீ உன்ர வேலையைப் பார்."

நிறஞ்சலாவும் தன் வேலையைப் பார்த்தாள். திரேசம்மா சுவரைப் பார்த்துப் பார்த்து எழுதி, துண்டை வெட்டிக் குழு வைத்திருந்த பெட்டியில் போட்டு, படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் குலுக்கல். பெண்கள் எல்லோரும் நல்ல சீலை உடுத்து வந்திருந்தார்கள். நிறஞ்சலாவையும் துண்டு எண்ண வரச்சொல்லியிருந்தார் கனகரத்தினம். ஒரு பெரிய பிஸ்கட் ரின்னுக்குள் மடித்த முப்பத்தெட்டுத் துண்டையும் போட்டுக் குலுக்கினார். குலுக்கின சத்தத்துக்கே ஒரு பெண் செபமாலையை எடுத்துவிட்டாள்.

முதலாம் கடை டினோஜா என்ற பெண்ணுக்கு விழுந்தது. கைதட்டல். இரண்டாம் கடையும் மூன்றாம் கடையும் தாழ்வுபாட்டுப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேருக்கு. நாலாவது துண்டை எடுத்த கனகரத்தினம் மூக்குக்கண்ணாடியை ஒருமுறை கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார்.

"கோ... கோஹ," என்றார்.

அடுத்த கணம் மண்டபத்தின் பத்து மூலையிலிருந்து பத்துப் பெண்கள் எழும்பினார்கள்.

"அது நான்!"

"என்ர, சேர், என்ர துண்டு!"

"மாதாவே, எனக்கு விழுந்திட்டுது!" இது திரேசம்மா. கண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு.

கனகரத்தினம் ரின்னை மேசையில் கொட்டித் துண்டுகளைப் பிரித்தார். இன்னும் ஒன்பது கோஹ. துண்டுகளுக்கு இலக்கம் போட ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், சுவரில் இருந்ததைப் பார்த்து வரைந்த எழுத்து பத்தும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்.

"ஏனம்மா உங்கட சொந்தப் பேரை எழுதேல்லை?" அவருக்குக் குரல் கீச்சிட்டது.

"குலுக்கல் துண்டில ஆராவது சொந்தப் பேர் எழுதுவினமோ, சேர்? கண்ணூறு படாதோ?" திரேசம்மா அவரைப் பார்த்த பார்வை, இதுகூடத் தெரியாமல் எப்படி முப்பது வருடம் கந்தோரில் இருந்தீர் என்று கேட்டது. "திருநாள் லொத்தரில நாங்கள் எப்பவும் வேற பேர்தான் எழுதுறது. போன வருசம் நான் சவேரியார் எண்டு எழுதினனான்."

"அது லொத்தர், அம்மா! சரி, வேற பேர் எழுதினியள். அதென்ன பத்துப் பேரும் ஒரே பேர்?"

"பிள்ளை சுவரில ஒட்டியிருந்தவள். படிச்சவள், கந்தோர் வழிய பழகிறவள். ராசியில்லாத பேரையோ ஒட்டுவாள்?"

பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. எருக்கலம்பிட்டி இர்ஷானா, பின்னேரங்களில் வாய்ப்பனும் சமோசாவும் விற்கிற இளம் பெண். "நான் ஒண்டும் அறியன், சேர். எனக்கு முன்னால நிண்டவங்க எல்லாரும் எழுதினாங்க, நானும் எழுதினன்."

கனகரத்தினம் மூன்று பேனையில் ஒன்றை எடுத்தார். "சரி. பத்தும் செல்லாது. தள்ளிவைச்சிட்டு மற்றதில ஒண்டு எடுப்பம்."

திரேசம்மா அப்படியே தொப்பென்று நிலத்தில் இருந்துவிட்டாள். சத்தம் போடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். போடவில்லை. நிறஞ்சலாவை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்ர விசர்ப் பாசையால என்ர கூரை போச்சு, பிள்ளை."

நிறஞ்சலாவுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. நனைந்த சாக்குகளை மாமி வெயிலில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்ததை அவள் கண்ணால் கண்டவள். கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் காய்ச்சல் வருகிற பெண் அவள். ஆனால் அன்றைக்கு எழும்பினாள்.

"சேர், ஒரு நிமிசம். ரின்னுக்குள்ள ஆளுக்கு ஒரு துண்டுதானே இருந்தது?"

"ஓம்."

"இந்தப் பத்துப் பேருக்கும் பத்துத் துண்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வந்தது அதில ஒண்டு. அப்ப இந்தப் பத்துப் பேரில ஆரோ ஒரு ஆளுக்குக் கடை விழுந்திட்டுது, சேர். அது நிச்சயம். ஆர் எண்டுதான் தெரியாது." அந்த யாரோ ஒருவருக்குப் பெயர் டா என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டாள். "பத்துப் பேருக்குள்ள திரும்ப ஒருக்காக் குலுக்கினால், ஒவ்வொரு ஆளுக்கும் முதல் எவ்வளவு வாய்ப்பு இருந்ததோ அதேதான் இப்பவும். மற்ற ஆக்களுக்கு ஒரு நட்டமும் இல்லை."

"நாங்கள் ஒழுங்கா எங்கட பேர் எழுதினனாங்கள்!" என்று ஒருத்தி எழும்பினாள்.

"ஓம், அக்கா. உங்கட துண்டு வந்திருந்தால் உங்களுக்குத்தான். வரேல்லையே."

அந்த அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு இருந்தாள். கனகரத்தினம் கையில் இருந்த கடதாசியில் ஏதோ பிரித்து, பெருக்கி, மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "கணக்குச் சரி," என்றார். அந்த மனிதரின் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது, கழுதை வழி விடுவது மாதிரி. எப்போதாவதுதான் நடக்கும்.

"இந்தாங்கோ, இப்ப ஒழுங்காப் பேர் எழுதுங்கோ," என்று அவர் கடதாசி கிழிக்கத் தொடங்க, பத்துப் பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள். எழுதிப் பட்டது காணும்.

நிறஞ்சலாவுக்கு உடனே ஒரு யோசனை. புத்தி எங்கே போகும்? பத்துப் பேர் இருக்கிறார்கள், லொஜ்பானில் சரியாகப் பத்துச் சொல் இருக்கிறது! வரிசையாக நிற்கவைத்து, "நீங்கள் கோஹ, நீங்கள் கோஹெ, நீங்கள் கோஹி, நீங்கள் கோஹோ..." என்று ஒவ்வொருவருக்கும் கட்டிக்கொண்டு போனாள். ஆறாவது ஆளுக்கு வர, மூன்றாவது ஆள் தான் யாரென்று மறந்துபோனாள். ஐந்தாவது ஆள் தனக்கு வந்த சொல் பிடிக்கவில்லை, மாற்றித் தா என்றாள்.

"உதை விடடி!" நிலத்தில் இருந்த திரேசம்மா எழும்பிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு உடம்பில் தெம்பு வந்துவிடும். "கரையில வலை இழுத்தால் மீனை எப்பிடிப் பங்கு போடுறது? எழுதியோ போடுறது?"

பள்ளிமுனைப் பெண்கள் எல்லோருக்கும் சட்டென்று விளங்கியது. மற்றவர்களுக்கு அவளே சொன்னாள். மீனைக் குவியல் குவியலாகப் பிரித்து வைப்பார்கள். எந்தக் குவியல் யாருக்கு என்று சண்டை வரக்கூடாது. ஆகவே ஒவ்வொருவரும் கையில் கிடைத்த ஒரு பொருளைக் குறியாகக் கொடுப்பார்கள். ஒருத்தன் சிப்பி, ஒருத்தன் பொத்தான், ஒருத்தன் பீடித் துண்டு. யார் எதைக் கொடுத்தது என்று காணாமல் முதுகு காட்டி நின்ற ஒருவன் வந்து, அந்தக் குறிகளைக் குவியலுக்கு ஒன்றாகப் போடுவான். "சிப்பி விழுந்த குவியல் சிப்பிக்காரனுக்கு. பங்கு முடியுமட்டும் அந்தச் சிப்பிதான் அந்த ஆள். முடிஞ்சால் திரும்பவும் வெறும் சிப்பி. அவ்வளவுதான். இதுக்கு ஒரு பாசை வேணுமோ?"

நிறஞ்சலா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சிப்பி கோய் பஸ்ரியன்! பொத்தான் கோய் இன்னொருத்தன்! ஐயோ, இதைத்தானே அவள் ஊரடங்கில் ஒன்றரை மாதம் மண்டையை உடைத்துப் படித்தாள். பேச ஒரு ஆள் இல்லையே என்று ஐந்து வருடம் கவலைப்பட்டாளே, கடற்கரையில் அரைக்காற்சட்டையோடு நின்று இவர்கள் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

கனகரத்தினத்தின் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். "முதல்ல நீங்கள் சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்கோ, சேர்," என்றாள் திரேசம்மா. முப்பது வருடத்தில் ஒரு கடதாசிக்கும் முதுகு காட்டாத மனிதர், தண்டனை வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலச் சுவரைப் பார்த்து நின்றார். ஒவ்வொருத்தியும் தன் குறியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு ஹெல்மெட்டுக்குள் போட்டாள். ஒரு பூட்டுத் திறப்பு. ஒரு தலைக் கிளிப். ஒரு பொத்தான். ஒரு புளியங்கொட்டை, அது எங்கிருந்து வந்ததோ. இர்ஷானா முக்காட்டில் குத்தியிருந்த பின் ஒன்றைக் கழற்றிப் போட்டாள். திரேசம்மா தன் பையைத் துழாவி ஒரு கருவாட்டுத் தலையை எடுத்தாள்.

"அல்லாவே! அது வேணாம் அன்ரி, மணத்திலயே சேர் கண்டுபிடிச்சிருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். திரேசம்மாவும் சிரித்தாள். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே நிறஞ்சலாவிடம் கை நீட்டினாள். "உன்ர பேனை மூடியைத் தா." கோஹ எழுதின அதே பேனையின் நீல மூடி. நிறஞ்சலா கொடுத்தாள்.

கனகரத்தினம் சுவரைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினார். ஹெல்மெட்டைக் கைக்குக் கீழே பிடித்தார்கள். விரலை விட்டுத் துழாவினார்.

"ஆ!"

கையை உதறிக்கொண்டு திரும்பினார். விரல் நுனியில் குத்தி நின்ற பின், உதறின உதறலில் நிலத்தில் விழுந்து உருண்டது. ஒரு சொட்டு இரத்தம். இர்ஷானாவின் பின்.

மண்டபம் இரண்டு பட்டது. வந்துவிட்டது என்று சிலர். குத்தினதை எப்படி எடுத்தது என்பது என்று சிலர். "நான் எடுக்கேல்லை, அதுதான் என்னைக் குத்தினது," என்றார் கனகரத்தினம், விரலைச் சூப்பிக்கொண்டு. "திரும்ப எடுத்தாலும் பிழையில்லை. உங்கட கரையில என்ன வழக்கம், அம்மா? நீங்கள் சொல்றதுதான்."

எல்லோரும் திரேசம்மாவைப் பார்த்தார்கள். அவள் ஹெல்மெட்டைப் பார்த்தாள். உள்ளே நீல மூடி கிடந்தது. "திரும்ப எடுங்கோ, சேர்" என்ற ஒரு சொல் போதும். பத்திலே ஒரு வாய்ப்பு மறுபடியும் அவளுக்கு வரும். சொல்லியிருந்தால் ஒருவரும் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், பொய் சொல்லவில்லை.

"கைக்கு வந்தது வந்ததுதான், சேர்," என்றாள். "கெளுத்தி முள்ளுக் குத்தினால் அந்தப் பங்கை இல்லையெண்டு சொல்லுறதோ? கடை அந்தப் பிள்ளைக்குத்தான்."

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நிறஞ்சலாவுக்கு அழுகை அடக்க முடியவில்லை. சீலைத் தலைப்பு இல்லாததால் படிவக் கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கனகரத்தினம் இர்ஷானாவின் படிவத்தைத் தேடி எடுத்தார். "மேல சொந்தப் பேர்தான், சரி. அடையாள அட்டை சரி. கூட நடத்துபவர்..." நின்றுவிட்டார். "கோஹெ. இதென்ன, இதையும் சுவரைப் பாத்து எழுதினனீரோ?"

இர்ஷானா நாக்கைக் கடித்தாள். "ஓம், சேர். முன்னால நிண்டவங்க அதை வெறுமனே விட்டாங்க. நான் ஒண்டும் மிச்சம் விடாம எழுதினன்."

"ஆர் இந்தக் கோஹெ?"

இர்ஷானா நிறஞ்சலாவைப் பார்த்தாள். "மிஸ், இந்தப் பேருக்கு இன்னும் ஆள் இல்லையா?"

நிறஞ்சலா மூக்கை உறிஞ்சினாள். "இல்லை. நீங்கள் ஆரைச் சொல்லுறீங்களோ, அவதான்."

"அப்ப," என்று இர்ஷானா வாசலைப் பார்த்துக் கையை நீட்டினாள், "அவங்கதான்."

வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்த திரேசம்மா திரும்பினாள்.

"எனக்கு அஸர் தொழுகைக்குப் பிறகுதான் யாவாரம், சேர். காலையில கடை சும்மா பூட்டித்தானே கிடக்கும். அன்ரிக்குக் காலையிலதான் வேணும்." இர்ஷானா மேசைக்குக் கிட்ட வந்தாள். "அவங்க திரும்ப எடுக்கச் சொல்லியிருந்தா எனக்குக் கிடைச்சிராது."

கனகரத்தினம் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். விதியில் எங்காவது இடிக்கிறதா என்று தேடினார் போல. கடைசியில் கோஹெவை ஒரு கோட்டால் வெட்டினார்.

"இடம் இருக்கு. பேர்தான் இல்லாமல் இருந்தது. வாங்கோ அம்மா, வந்து எழுதுங்கோ. உங்கட சொந்தப் பேரை! சவேரியார் வேண்டாம்."

திரேசம்மா வந்தாள். எழுதுவதற்கு முன் இர்ஷானாவின் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். "கருவாடு மணக்கும், பிள்ளை. உன்ர வாய்ப்பனை ஒருத்தரும் தின்னாயினம்."

"ரெண்டரைக்குச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் தாங்க, அன்ரி."

"ரெண்டு தரம் கழுவுறன்," என்றாள் திரேசம்மா. அதற்குப் பிறகுதான் அழுதாள். நன்றாக, வாய்விட்டு.

திங்கட்கிழமை நிறஞ்சலா சுவரில் இருந்த மாதிரிகள் எல்லாவற்றையும் இறக்கினாள். பெயர் வருகிற இடத்தில் இனி ஒரு சொல்லும் எழுதப்போவதில்லை என்று தீர்மானித்து, பிளேட்டால் அந்த இடங்களைச் சதுரமாக வெட்டி எடுத்தாள். வெறும் ஓட்டை. ஓட்டையைப் பார்த்து யார் என்னத்தை எழுதுவது? லொஜ்பானிலும் "இந்த இடத்தை நீ நிரப்பு" என்று கேட்பதற்கு ஒரு சின்னச் சொல் இருக்கிறது. அதைவிட ஓட்டை நல்லது என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது.

புதன்கிழமை பஸ்ரியன் வந்தார். வள்ளப் பதிவுப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். பெருமையோடு மேசையில் விரித்தார். பெயர், விலாசம், இலக்கம் கேட்ட இடமெல்லாம் பிளேட்டால் அழகாக, சதுரமாக, வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

"உன்ர மாதிரி வடிவா வரேல்லை, பிள்ளை. பாத்துச் சொல், இது காணுமோ?"

நிறஞ்சலா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். வயிறு நோகச் சிரித்துவிட்டு, பஸ்ரியனைக் கதிரையில் இருத்தி, புதுப் படிவம் ஒன்றைத் தானே நிரப்பிக் கொடுத்தாள்.

பின்னேரம் கடையைக் கொஞ்ச நேரம் பூட்டிவிட்டுப் பஸ் நிலையத்துப் பக்கம் போனாள். மூன்று மணியாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நாலாம் கடைக்குள் திரேசம்மா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சவர்க்கார நுரையோடு இரண்டாம் தரமும் நிலத்தை உரஞ்சிக்கொண்டிருந்தாள். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. ஒரு கழுதை தாழ்வாரத்துக்குள் ஒதுங்கி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாக்குகள் ஐந்தும் உள்ளே, சுவரோரம், நனையாமல் இருந்தன.

பஸ்ஸுக்கு நின்ற ஒரு மனிதர் மழைக்கு ஒதுங்கி வந்தார். உள்ளே கருவாடும் இருந்தது, வாய்ப்பன் தட்டுகளும் இருந்தன. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இது ஆற்ர கடை, அக்கா?"

திரேசம்மா நிமிர்ந்தாள். நிறஞ்சலாவைக் கண்டுவிட்டு, முகத்தை வேண்டுமென்றே இறுக்கமாக வைத்துக்கொண்டாள்.

"மூண்டு மணி மட்டும் கோஹெ," என்றாள். "அதுக்குப் பிறகு கோஹ வருவா. உமக்கு என்ன வேணும்?"